கமாலுதீனின் கண்விலை

கமாலுதீனுக்குத் தராசும் வேண்டாம், கணக்குப் பொறியும் வேண்டாம். பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருபத்தெட்டு வருஷமாக நாசி கண்டார் கடை நடத்துகிறார். சோறு, கறி, வெண்டைக்காய், அதன் மேல் நாலு குழம்பும் கலந்து சோறு மூழ்கும்படி ஊற்றிய தட்டு கல்லாவுக்கு முன்னால் வரும். ஒரு பார்வை. "பதினொன்னு அம்பது." அடுத்த தட்டு, அடுத்த பார்வை. "ஒம்போது." சுவரில் விலைப்பட்டியல் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைப் பல்லியைத் தவிர யாரும் நெருங்கிப் பார்த்ததில்லை. தட்டைப் பார்த்தாலே எத்தனை ரிங்கிட் வெள்ளி என்று தெரியும், தன் கண் இதுவரை தப்பியதே இல்லை என்பது அவருடைய பெருமை.

இப்போது அந்தக் கண்ணுக்குத்தான் கெட்ட பெயர் வந்திருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன் வெளியூர்க்காரர் ஒருவர் சோத்தோங் என்கிற கணவாயின் முட்டையும் மாட்டுக்கறியும் வைத்து வயிறாரச் சாப்பிட்டார். போகிற போக்கில் தின்று மிச்சம் வைத்த தட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து முகநூலில் போட்டுவிட்டார். டியூப்லைட் வெளிச்சத்தில் குழம்பு சாக்கடைத் தண்ணீர் மாதிரி தெரிந்தது. கீழே எழுதியிருந்தார்: 'இதுக்கு முப்பத்தொரு வெள்ளி! தட்டப் பார்த்து இல்ல, ஆளப் பார்த்து விலை சொல்றான்.' பதினோராயிரம் பேர் அதைப் பகிர்ந்தார்கள். மதியம் வாசலைத் தாண்டி நீளும் வரிசை இப்போது மூன்றாவது மேசையோடு முடிந்துவிடுகிறது. கடையில் வேலை செய்கிற ஒன்பது பேரும், யாரை முதலில் நிறுத்துவாரோ என்று அவர் முகத்தையே பார்க்கிறார்கள். திருடன் என்று நேராகச் சொல்லியிருந்தாலும் கமாலுதீன் தாங்கியிருப்பார். ஆளைப் பார்த்து என்று சொன்னதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மகள் நூர் ஃபாத்திஹாவுக்கு வங்கியில் வேலை. படத்தால் போன பெயரைப் படத்தால்தான் மீட்க வேண்டும் என்பது அவள் யோசனை. கடலுக்கு அக்கரையில் செபராங் ஜெயாவிலிருந்து காமினி என்ற புகைப்படக்காரியை வரவழைத்தாள். காமினிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஃபெரி பிடித்து, இரண்டு தோளிலும் இரண்டு பையோடு வந்தாள்.

"பன்னெண்டு தட்டு, கடைக்குள்ள கொஞ்சம். ரெண்டாயிரத்து நானூறு வெள்ளி, அண்ணே."

கமாலுதீன் அவளை ஒரு பார்வை பார்த்தார். ஒரு பெண், ஒரு கேமரா, அரை நாள். வாய் தானாகத் திறந்தது.

"அறுநூறு."

ஃபாத்திஹா கண்ணை மூடிக்கொண்டாள். காமினிக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

"அண்ணே, தட்டுல தெரியறதுக்கு மட்டும் வெல சொல்றீங்க."

"பட்டன அமுக்கறதுக்கு ரெண்டாயிரமாம்மா? என் தங்கச்சி மவன் ஜாஹிர் கைல நல்ல ஃபோன் இருக்கு. ஒரு டீ வாங்கிக் குடுத்தா எடுத்துட்டுப் போறான் லா."

"அத்தா," என்றாள் ஃபாத்திஹா. "அந்த வெளியூர் ஆளும் ஃபோன்லதான் எடுத்தான். அவனுக்கு ஒரு சென் செலவில்ல. அந்த ஓசிப் படத்துக்கு நாம எவ்வளவு குடுத்துருக்கோம்?"

கமாலுதீன் பேரத்தில் இறங்கினார். கடைசியில் ஆயிரத்து ஐநூறுக்கு மேல் ஒரு சென்கூடக் கிடையாது என்று அடித்துச் சொன்னார்.

"அப்படின்னா எட்டு தட்டு," என்றாள் காமினி. "எண்ணிக்கைய கொறைக்கலாம். வேலைய கொறைக்க மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை காலையில் வந்தவள் பையைத் திறக்கவே இல்லை. தூணோரமாக ஒரு மேசையில் உட்கார்ந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக் குடித்தபடி சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் கடைமுன் ஐந்தடி நடைபாதையைத் தாண்டி எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது, எந்த மேசையில் விழுகிறது, எப்போது போகிறது. புதன்கிழமையும் அதே கதைதான். காசு பேசிவிட்டுத் தூங்கி வழிகிறாள் என்று கமாலுதீன் பல்லைக் கடித்தார். தானே அதிகாலையில் மீன் வாங்கப் போனால், கூடை கூடையாகப் பார்த்துவிட்டு எதையும் தொடாமல் நகர்கிற ஆள் என்பது அப்போது அவருக்கு நினைவு வரவில்லை.

வியாழக்கிழமை படம் எடுத்தாள். ஒரு மீன் தட்டுக்கு நாற்பது நிமிஷம். குழம்பு காய்ந்து ஆடை கட்டினால் வேறு தட்டு. கரண்டி பிடிக்கிற ஹாஃபிஸ் அதே தட்டை ஐந்து முறை போட்டான். டியூப்லைட்டை அணைக்கச் சொன்னாள், தட்டின் விளிம்பைப் பஞ்சால் துடைத்தாள், நாற்காலி மேல் ஏறினாள், தரையில் படுத்தாள். மதியக் கூட்டம் வந்ததும் கல்லாப் பக்கம் ஒதுங்கிவிட்டாள். கமாலுதீன் அவளை மறந்தே போனார்.

ஒரு வாரம் கழித்து மடிக்கணினியோடு வந்தாள். மூவரும் தூணோர மேசையில் உட்கார்ந்தார்கள். முதல் படத்திலேயே கமாலுதீனுக்கு வாயில் எச்சில் ஊறியது. இருபத்தெட்டு வருஷமாக இந்த வாசனையில் ஊறிய மனிதருக்கு!

"இது நம்ம கொழம்பா?"

"உங்க கொழம்புதாண்ணே. வெளிச்சம் மட்டும்தான் நான் பாத்தேன்."

எட்டுப் படமும் முடிந்தது. ஒன்பதாவது ஒன்று வந்தது. அது பேச்சில் இல்லாதது.

கல்லாவில் கமாலுதீன் நிற்கிறார். எதிரில் தொழிற்சாலைச் சீருடை போட்ட ஒரு பெண். அவள் முதுகும், சின்னப் பர்ஸை இறுக்கிப் பிடித்த விரல்களும் மட்டும் தெரிகின்றன. கோழி வைத்த தட்டு அவர் மூக்குக்குக் கீழே இருக்கிறது. ஆனால் படத்தில் அவர் தட்டைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கிறார்.

தன் முகம் இப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. விலை சொல்கிற நேரத்தில் யார் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ள முடியும்? அந்தத் தட்டு அவருக்கு நினைவிருந்தது. ஒன்பது வெள்ளி. அவர் சொன்னது ஐந்தரை.

"அத்தா, நீங்க தட்ட பாக்கவே இல்ல," என்றாள் ஃபாத்திஹா மெதுவாக.

"ரெண்டு நாளா உக்காந்து எண்ணினேன்," என்றாள் காமினி. "பத்து பேர்ல ஏழு பேருக்கு மொகத்த பாத்துத்தான் சொல்றீங்க. பட்டியல வெச்சுப் பாத்தா, சொல்றதும் கொறைச்சுத்தான். அத எப்ப, எங்கருந்து எடுக்கலாம்னு பாக்கத்தான் அந்த ரெண்டு நாள்."

கமாலுதீன் எழுந்து சுவர்ப் பக்கம் போனார். பட்டியலைத் தோள்துண்டால் துடைத்தார். சோத்தோங் முட்டை பதினெட்டு, மாட்டுக்கறி ஒன்பது, சோறும் காயும் நாலு. முப்பத்தொன்று. அந்த ஆளிடம் ஒரு சென்கூடக் கூட்டவில்லை. ஆனால் அவன் எழுதியதும் பொய்யில்லை. ஆளைப் பார்த்துத்தான் விலை. அவன் முகத்தில் குறைப்பதற்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இத்தனை நாளாகக் குத்திய முள்ளைப் பிடுங்கி எடுத்தது போல இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"இத மட்டும் போட வேணாம் அத்தா," என்றாள் ஃபாத்திஹா. "அவன் சொன்னத நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"ஒத்துக்குவோம். இதத்தான் மொதல்ல போடணும். கீழ எழுது. இங்க ஆளப் பாத்துத்தான் வெல. பட்டியலுக்கு மேல ஒரு சென் ஏறாது. கொறஞ்சா ஏன்னு கேக்காதீங்க."

காமினி சிரித்துக்கொண்டே பையைக் கட்டினாள். கமாலுதீன் ஆயிரத்து ஐநூறு வைத்த உறையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நீட்டப் போனவர் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். கணினி முன்னால் உட்கார்ந்து சிவந்த கண். தோளில் பை வார் அழுத்திய தடம்.

"ரெண்டாயிரத்து நானூறு," என்றார்.

"அண்ணே, எட்டு தட்டுதான். பேசினது ஆயிரத்து ஐநூறு."

"ரெண்டு நாள் உக்காந்து பாத்தியேம்மா, அத நான் எண்ணவே இல்ல. அறுநூறுன்னு சொன்னேன் பாரு, இருபத்தெட்டு வருசத்துல என் கண்ணு தப்புனது அன்னிக்கு ஒரு தடவதான்."

கல்லாவிலிருந்து மீதியை எடுத்து உறையில் சேர்த்துக் கொடுத்தார். காமினி மறுப்பு சொல்லவில்லை. அது அவள் முதலில் சொன்ன விலைதானே. உறையைப் பைக்குள் வைத்தாள். ஃபெரிக்கு இன்னும் நேரம் இருந்தது. பசியும் இருந்தது. வரிசையில் நின்று ஹாஃபிஸிடம் மீனும் வெண்டைக்காயும் வாங்கி, குழம்பை மூழ்க ஊற்றச் சொல்லி, தட்டோடு கல்லாவுக்கு வந்தாள்.

கமாலுதீன் தட்டைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"பதினாலு."

"அண்ணே! பட்டியல் வெலயா?"

"பின்ன?" என்றார் கமாலுதீன். "வேலைக்கு முழு வெல வாங்குற ஆளுக்கு நான் எதுக்கும்மா கொறைக்கணும்?"

காமினி பதினாலு வெள்ளியை எண்ணி வைத்துவிட்டு, தூணோர மேசைக்குப் போய் உட்கார்ந்தாள்.