முதலில் ஏறுகிறவள்

தினேஷின் பழைய காரில் ஏசி வேலை செய்யாது. பின் கண்ணாடி ஒன்று பாதியில் சிக்கி நிற்கும். அந்த வண்டிக்கு ரூபினி ஏன் மாறினாள் என்பது மட்டும் கவியரசனுக்கு விளங்கவேயில்லை.

பெங்களூரில் விவேக் நகரிலிருந்து வைட்ஃபீல்ட் அலுவலகங்களுக்குப் போகிறவர்கள் பெட்ரோலைப் பங்கிட்டுக்கொண்டு ஒரே காரில் போவது வழக்கம். கவியரசனின் கார் புதிது. இரண்டு தெரு சுற்றிப் போயாவது ரூபினியைத்தான் முதலில் ஏற்றுவான்; முன் சீட் அவளுக்கு. பிறகு மௌரீன், பிறகு நாகேஷ், எல்லோரையும் அவரவர் வாசலிலேயே. போன வாரம் அவள், "இனிமே தினேஷ்கூட வர்றேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று செய்தி அனுப்பிவிட்டாள்.

மிக்ஸி நின்றாலும் கழற்றிப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கிறவன் அவன். இதையும் அப்படித்தான் பிரித்தான். பாதையா? இருவருக்கும் ஒரே ரோடு. செலவா? ஒரே பங்கு. மிஞ்சியது தினேஷ் மட்டும். அந்த விடை வயிற்றை எரித்தது. சிக்னலில் அந்தக் கார் பக்கத்தில் நிற்கும்போது ரூபினி எதற்கோ சிரிப்பாள். கவியரசன் கண்ணாடியை ஏற்றிவிடுவான்.

அவன் கார் சர்வீஸுக்குப் போன அன்று, வேறு வழியில்லாமல் தினேஷைக் கேட்டான்.

"சர்ச் முனைக்கு எட்டுக்கு வந்துடுங்க பாஸ். லேட்டானா பஸ்ஸுதான்."

வீட்டுக்கு வந்து ஏற்றக்கூடத் தெரியாதவன் என்று பொருமிக்கொண்டே போய் நின்றான். ரூபினி நடந்து வந்தாள். இன்னொருவரும் வந்தார். ஏறினார்கள், கார் கிளம்பிவிட்டது.

"ஏசி இல்லாம எப்படிங்க?" என்றான் ரூபினியிடம்.

"வேர்க்கும்தான். ஆனா உங்க கார்ல பேஜாரு, கவி. நான் ஏறினப்புறம் மௌரீன் அக்கா தலை காயணும், நாகேஷ் இட்லி முடிக்கணும். அதுவரைக்கும் நான் காவல் உக்காரணும்."

"மரியாதைக்குத்தான் உங்கள முதல்ல..."

"அந்த மரியாதைய நாகேஷுக்குக் குடுங்க பாஸ்," என்றான் தினேஷ். ரூபினி சிரித்தாள். கவியரசனுக்கு மறுபடி எரிந்தது. ஆனால் மூளை வேலையைத் தொடங்கியிருந்தது.

முதலில் ஏறுகிறவர், பின்னால் ஏறுகிற ஒவ்வொருவரின் தாமதத்தையும் சேர்த்து அனுபவிக்கிறார். கடைசியில் ஏறுகிறவருக்கு ஒரு நிமிடமும் வீணில்லை. வாசலுக்கே கார் வருவதால் ஹாரன் கேட்ட பிறகுதான் செருப்பைத் தேடுகிறார்கள். வாசலுக்குப் போவதை நிறுத்தினால் சரியாகிவிடும். ஆனால் அவளோடு தனியாகப் போகும் அந்தக் கொஞ்ச தூரமும் போய்விடும். மாரத்தஹள்ளி வரைக்கும் அதையே உருட்டிக்கொண்டிருந்தான்.

"நானும் முனையிலேயே ஏத்திக்கிட்டா வருவீங்களா?"

"ஏசியோட, காத்திருக்காமலா? வர்றேன்."

"போங்கம்மா, போங்க," என்றான் தினேஷ்.

திங்கட்கிழமை ரூபினி அவன் காரில் ஏறினாள், பின் சீட்டில், மௌரீனுக்குப் பக்கத்தில். முன் சீட் முதலில் வந்து நின்ற நாகேஷுக்குப் போயிற்று. இப்போது கவியரசனின் கார் யார் வாசலுக்கும் போவதில்லை. எல்லோரும் சர்ச் முனைக்கு நடந்து வருகிறார்கள், எட்டு மணிக்குக் கிளம்புகிறது, வராதவர் பஸ்ஸில் வருகிறார்.