கதவு சாத்தினால்தான் சம்பளம்

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. கௌரவமான காரணம் ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன், வரவில்லை. இன்று மாலை ஆறு மணிக்குள் என் சகலைக்காக ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். அதை விட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: வானம் அன்று துடைத்துவிட்டாற்போல

(வேண்டாம். வானம் அவனுடையது.)

இரண்டாம் தொடக்கம்: அந்த வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகள்.

(பரவாயில்லை. மூத்த மாப்பிள்ளை நான்தான். அப்படி எழுத வெட்கமாக இருப்பதால் இனி "மூத்தவர்".)

2

மூத்தவர் வாஷிங் மெஷின்களுக்குக் கையேடு எழுதுகிறவர். இளையவன் ஐம்பது சீட்டு உள்ள சின்ன ஜெட் ஓட்டுகிறவன். வீட்டில் அவனுக்குப் பெயரே கேப்டன்தான். தோளில் நாலு தங்கக் கோடு. பெரிய விமானம் ஓட்டுகிறவருக்கும் அதே நாலு கோடு என்பதால், சம்பளமும் அதேதான் என்று குடும்பமே முடிவு கட்டிவிட்டது. அவன் வந்தால் மாமியார் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போடுவார். மூத்தவர் வந்தால் மிக்ஸியைக் கொண்டுவந்து வைப்பார்.

"மாப்பிள்ளை, இது ஏன் சத்தம் போடுதுன்னு பாருங்களேன்."

(எழுதுகிறவனுக்கும் ரிப்பேர் பார்க்கிறவனுக்கும் வித்தியாசம் உண்டு என்று பதினோரு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.)

3

போன வாரம் கேப்டன் மூத்தவரைத் தேடி வந்தான். பெரிய விமானக் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பம் போடுகிறான். ஏன் பறக்க விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கம் கடிதம் கேட்கிறார்களாம்.

"எனக்கு எழுத்து வராது அண்ணா. நீங்கதான் எழுதி அனுப்பணும். எங்க கம்பெனில சின்ன ஜெட் எல்லாத்தையும் நிறுத்தப் போறாங்க. இது கிடைக்கலேன்னா அடுத்த மாசம் நான் வீட்லதான்."

"உங்க சம்பளத்துக்கு நாலு வருஷம் உட்கார்ந்தே சாப்பிடலாமே," என்றார் மூத்தவர்.

கேப்டன் சிரித்துக்கொண்டே சம்பளத்தைச் சொன்னான். மூத்தவர் வாங்குவதைவிடக் குறைவு.

(இங்கே "மூத்தவர் மகிழ்ந்தார்" என்று எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதுகிறேன். மகிழ்ந்தார்.)

"பெரிய விமானத்துலயும் ரெண்டு பைலட், எங்களோடதுலயும் ரெண்டு பைலட். அவங்களுக்கு நூத்தி எண்பது பேர் டிக்கெட்டு வாங்குறாங்க, எங்களுக்கு ஐம்பது பேர். அதுவும் கதவு சாத்தி சக்கரம் உருண்டாத்தான் சம்பளம். மழைல மூணு மணி நேரம் நின்னா அது சும்மா. உங்க மெஷின் மாதிரிதான் அண்ணா, கதவு சாத்தினாத்தான் ஓடும். நாலாம் பக்கத்துல எழுதியிருக்கீங்களே."

அந்தக் கையேட்டை மூத்தவரின் மனைவிகூடப் படித்ததில்லை.

"அப்புறம் எதுக்குப்பா இந்தப் பொழப்பு?"

அவன் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"[                    ]"

(ஏழே சொல். இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று பிறகு சொல்கிறேன்.)

4

அந்த ஏழு சொல்லை மூத்தவர் கடிதத்தில் சேர்க்கவில்லை. "தங்கள் நிறுவனத்தின் நற்பெயர் என்னை ஈர்த்தது" என்று கையேட்டுத் தமிழில் ஒரு பக்கத்தை நிரப்பினார். ஏழு சொல்லையும் இந்தக் கதைக்கென்று பத்திரப்படுத்திக்கொண்டார்.

மூத்தவர் என்ன மூத்தவர், நான்தான். திருடினேன். இருபது வருடமாக எழுதுகிறேன், அப்படி ஒரு வாக்கியம் எனக்கு வாய்த்ததில்லை. அவன் சம்பளத்தைக் கேட்டதும் அடங்கியிருக்க வேண்டிய எரிச்சல், அந்த வாக்கியத்தைக் கேட்டதும் பற்றிக்கொண்டது. காசு தராவிட்டால் நான் ஒரு வரி எழுத மாட்டேன். அவன் மழையில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மறுநாளும் போகிறான்.

முடிவு ஒன்று: கடிதம் அப்படியே போகிறது. கேப்டன் ஃபேனுக்குக் கீழேயே நிரந்தரமாக உட்கார்ந்துவிடுகிறான்.

(எழுதும்போது சுகமாக இருந்தது. அதனால்தான் பயந்துபோனேன்.)

முடிவு இரண்டு: கடிதத்தைத் திருத்தி அனுப்பியதும் அவனுக்கு

5

மணி ஐந்து நாற்பது. கொழுந்தியாள் போனில் வந்தாள்.

"மாமா, அனுப்பிட்டீங்களா? அவரு கேட்கக் கூச்சப்படுறாரு."

"இதோம்மா."

வாக்கியம் கதையிலும் கடிதத்திலுமாக இரண்டு இடத்திலும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்பீர்கள். இருந்தால் நான் பாதித் திருடன். இங்கிருந்து வெட்டி எடுத்துக் கடிதத்தின் முதல் வரியாக ஒட்டி அனுப்பிவிட்டேன். மேலே அந்த இடம் காலியாக இருப்பது அதனால்தான்.

வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள். கிடைத்தால் எனக்கு எரியும். கிடைக்காவிட்டால் இந்தக் கதையில் இருந்த ஒரே நல்ல வாக்கியம் வீண். காலி இடத்தில் நீங்களே ஏழு சொல் போட்டுக்கொள்ளுங்கள். நன்றாக வந்துவிட்டால் தயவுசெய்து என்னிடம் காட்டாதீர்கள்.