கம்பத்தில் பட்ட பந்து

மண்வெட்டியை யாரிடமும் விடாமல் நசூரே தம்பியின் குழியை மூடிக்கொண்டிருந்தான். முப்பது வருடமாகப் பிரான்சின் மார்செய் நகரக் கட்டடங்களில் கான்கிரீட் வாரிய கை. தம்பி சொய்லிக்குத் துறைமுகத்தில் வேலை. வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

"குடு நசூர். எங்களுக்கும் ரெண்டு வாரு மண்ணு விடு" என்றான் மாலிக். எதிர்மேட்டுக் குடியிருப்புக்காரன், பஸ் டிரைவர். சீருடையோடு வந்திருந்தான்.

இருபத்தாறு வருடத்துக்கு முன் இரண்டு குடியிருப்புகளும் மோதிய கால்பந்துக் கோப்பைப் போட்டியின் கடைசி பெனால்டியை அடித்தவன் இவன்தான். கோல்காப்பாளனாக நின்ற நசூர் இடப்பக்கம் பாய்ந்தான். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நசூரின் விரல்கூடப் படவில்லை. ஆனால் சொய்லி பாடிய ராப் பாட்டில் அண்ணன் அதைக் கையால் தட்டிவிட்டான். ஞாயிறுதோறும் ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் அந்தப் பாட்டைப் போடுவார்கள். அந்த வரி வந்ததும், கையை உயர்த்துவானா என்று எல்லோரும் நசூரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் கையைக் கால்சட்டைப் பையை விட்டு எடுத்ததே இல்லை.

"பொய்டா அது, மாத்திப் பாடு" என்று போன ஞாயிறும் தம்பியோடு நசூர் சண்டை போட்டான்.

"கம்பத்துக்கு எவன்ணே பாட்டு கட்டுவான்?" என்று சிரித்தான் சொய்லி. நசூர் சாப்பிடாமல் எழுந்து போனான். அதுதான் கடைசிப் பேச்சு.

"அந்தப் பாட்டு..." மாலிக் தொடங்கினான்.

"இன்னிக்கு வேணாம்ப்பா."

"இன்னிக்குத்தான் சொல்லணும். பொய் என்னோடது. காலி கோலை விட்டுட்டு கம்பத்துல அடிச்சவன்னு எங்காளுங்க காறித் துப்புனானுங்க. ஸ்டுடியோ வாசல்ல போய் உன் தம்பி கையைப் புடிச்சேன். உங்கண்ணன் தடுத்தான்னு பாடுடான்னேன். ஆறே மாசம், கண்ணால பாத்தவனே பாட்டை நம்பிட்டான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"யாருக்கும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

"சொய்லியா? ஒரு ரகசியம் தங்காத வாயை மூடிட்டு இருந்தானா?"

"இருபத்தாறு வருஷம்."

நசூருக்குச் சிரிப்பு வந்தது. குழிமேட்டில் சிரிக்கிறானே என்று இமாம் நிமிர்ந்து பார்த்தார். நசூர் மண்வெட்டியை மாலிக்கிடம் நீட்டினான்.

அன்றும் ஞாயிறுதான். மதிய ஆட்டத்தை யாரும் தள்ளிவைக்கவில்லை. வைத்திருந்தால் சொய்லி திட்டியிருப்பான்.

"பாட்டு போடவா, வேணாமா?" என்று அணித்தலைவன் கேட்டான்.

"போடு. சத்தமாப் போடு."

ஸ்பீக்கரில் தம்பியின் இருபது வயதுக் குரல் அந்த நாள் ஆட்டக்காரர்களை ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தது. அந்த வரி வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். நசூர் இடது கையை உயர்த்தினான். நகக்கண்களில் காலை மண் இன்னும் இருந்தது. கோல் கம்பத்தில் சாய்ந்து நின்ற மாலிக் குனிந்து, அவிழாத ஷூ நாடாவைக் கட்டத் தொடங்கினான்.