மணிக்குப் பன்னிரண்டு டிராகன்கள்

சீட்ஸ்கெ தன் கணவனுடைய டிராகனைக் கொன்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில். வேண்டுமென்று செய்ததல்ல. சரியாகச் சொன்னால் அவள் செய்ததே அல்ல, அவள் கட்டியிருந்த இயந்திரம் செய்தது. அந்த நேரத்தில் அவள் அடுப்பங்கரையில் பட்டாணி சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

டொக்கும் என்ற ஊருக்கு வடக்கே, கடலணையை ஒட்டி அவர்களுடைய பண்ணை. நூற்றிருபது பசுக்கள். கறப்பது இரண்டு ரோபோக்கள். பசு தானாக நடந்து வந்து கூண்டுக்குள் நிற்கும், இரும்புக் கை ஒன்று அடியில் நீண்டு மடியைத் தேடிப் பிடிக்கும், ஏழு நிமிடத்தில் பசு தீவனத்தை மென்றுகொண்டே வெளியே போகும். சீட்ஸ்கெயின் கணவன் வீபெக்கு இதில் மிஞ்சியிருந்த வேலை அவனுடைய கைபேசி. '212 பதினோரு மணி நேரமாக வரவில்லை' என்று அது கத்தும். அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பான். காதில் 212 என்ற எண் மாட்டிய பசு படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். அவனைப் பார்த்ததும் எழுந்து, 'இதற்கா வந்தாய்' என்பதுபோல் ரோபோவை நோக்கி நடக்கும்.

சீட்ஸ்கெ வீடு வீடாகப் போகும் நர்ஸ். ஒரு கதவைத் தட்டும்போது உள்ளே என்ன இருக்கும் என்று அவளுக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை. ஊசிக்குப் பயந்து அலமாரிக்குள் ஒளிந்துகொண்ட ஒரு முன்னாள் கப்பல்காரரைக் கெஞ்சி வெளியே கொண்டுவந்திருக்கிறாள். ஒரு வீட்டில் சமையலறைக்குள் கட்டியிருந்த கிடா அவளை முட்டிச் சுவரோடு சாய்த்திருக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில், எதிர்பாராத ஒன்றும் நடக்காத ஓர் இடம் அவளுக்குத் தேவைப்பட்டது.

அந்த இடத்தைக் கொடுத்தவன் யெல்மர், வீபெயின் பள்ளித் தோழன். டொக்குமில் டிராக்டர் பட்டறை வைத்திருந்தான். பட்டறையின் பின்னறையில் ஒரு பழைய கணினியில், கட்டைகளால் ஆன ஒரு விளையாட்டு உலகத்தை ஓடவிட்டிருந்தான். தோண்டலாம், கட்டலாம், திரியலாம், சாகலாம், செத்தால் மறுபடி எழுந்துகொள்ளலாம். அதோடு, யார் யாரோ எழுதி இணையத்தில் போட்டுவைத்த மோட்களை, அதாவது உபரிச் சேர்க்கைகளை, நூற்றி நாற்பது வரை அதில் திணித்திருந்தான். பாதி மோட்கள் இயந்திரங்களைக் கொண்டுவந்தன. மீதிப் பாதி அரக்கர்களைக் கொண்டுவந்தன.

சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக இரண்டு கணினிகள். இயந்திரங்கள் எல்லாம் சீட்ஸ்கெ பக்கம் போயின. கோதுமை தானே விளைந்தது, தானே அறுபட்டது, நகரும் பட்டைகளில் ஊர்ந்து போய்த் தானே ரொட்டியானது. நாற்பது உலைகள் அவளைக் கேட்காமலே எரிந்தன. வீபெயிடம் ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும் மட்டும். அவன் காடு மலையென்று அலைந்தான். பசி எடுத்தால் எதிரே வரும் பசுவை வாளி வைத்துக் கையால் கறந்தான்.

"டேய், நெஜத்துல நூத்திருவது மாட்ட மெஷினுக்கு விட்டுட்டு, இல்லாத மாட்டுக்கு வாளி தூக்குறியேடா" என்பான் யெல்மர்.

"இந்த மாடு என் ஃபோனுக்கு மெசேஜ் அனுப்பாதுல்ல" என்பான் வீபெ.

அந்தக் குளிர்காலத்தில் அவன் கண் டிராகன் மேல் இருந்தது. வானத்தில், ஒரு வாசலுக்கு அப்பால் இருக்கும் மிதக்கும் தீவில் அது வாழ்ந்தது. ஆறு வாரம் தயாரானான். கவசத்துக்கு வேண்டிய கல்லைத் தன் கையாலேயே தோண்டினான். வடக்கே பனிமலையில் ஒரு சிறகு முளைத்த குதிரையைப் பழக்கி எடுத்தான். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குப் போர் என்று யெல்மருக்குச் சொல்லியாயிற்று. முதல் டிராகனைக் கொன்றவரின் பெயர் எல்லார் திரையிலும் தங்க எழுத்தில் வரும். அது ஒரே ஒருமுறைதான் வரும்.

சீட்ஸ்கெக்கும் டிராகன் வேண்டியிருந்தது. அவளுடைய பெரிய கொதிகலனுக்கு டிராகன் மூச்சு தேவை, அதுவும் குப்பி குப்பியாக. விசாரித்ததில், தீவில் நான்கு படிகங்களை உரிய இடத்தில் வைத்தால் செத்த டிராகன் மறுபடி பிறக்கும் என்று தெரிந்தது. மறுபடி மறுபடி நடக்கும் எதுவும் அவளைப் பொறுத்தவரை வேலையாட்கள் இல்லாத தொழிற்சாலைதான். படிகத்தை வைக்க ஒரு கை, டிராகன் எங்கே இறங்குமோ அங்கே அதை நசுக்கிக் கொல்ல இரும்புத் தூண்கள், மூச்சைப் பிடிக்கக் குழாய்கள். கணக்குப்படி மணிக்குப் பன்னிரண்டு. அவள் ஒன்றும் மனசாட்சி இல்லாதவள் அல்ல. முதல் டிராகன் வீபெயுடையது என்று நினைத்து, இயந்திரம் மூன்றரைக்குத் தொடங்கும்படி வைத்தாள். அரை மணி போதாதா?

இரண்டு ஐம்பதுக்கு வீபெயின் கைபேசி கத்தியது. இரண்டாவது ரோபோவின் குழாயை ஒரு பசு உதைத்துக் கழற்றிவிட்டது. "பத்தே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஓடினான். பத்து நிமிடம் என்பது ஒன்றேகால் மணி நேரமாயிற்று. மூன்றரைக்கு இயந்திரம் தொடங்கிவிட்டது.

அவன் சாணி அப்பிய பூட்ஸோடு உள்ளே வந்து திரையைப் பார்த்தான். தங்க எழுத்துகள் இன்னும் அணையவில்லை.

"சீட்ஸ்கெ" என்று வாசித்தான். பிறகு கீழே இருந்த எண்ணை வாசித்தான். "ஏழா?"

சீட்ஸ்கெ எட்டிப் பார்த்தாள். "இப்போ எட்டு."

அவன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். கை கழுவினான், சூப் குடித்தான், நன்றாக இருக்கிறது என்றான். அடுத்த ஞாயிறு கொட்டகையில் வேலை இருக்கிறதென்று போய்விட்டான். அதற்கடுத்த ஞாயிறும் போனான். மூன்றாவது ஞாயிறு அவள் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ரோபோ கறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தன நாளைக்கு இப்பிடி மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்ப?"

"நான் எங்க தூக்கி வெச்சேன்?"

"ஒரு பொம்ம டிராகன், வீபெ. வேணும்னா இன்னும் நூறு பொறக்க வெக்கிறேன், நீ ஒவ்வொண்ணா வெட்டிக்க."

அவன் ரோபோவைக் கைகாட்டினான். "இங்க நான் இல்லாமயே எல்லாம் நடக்குது. சரி, பாலுக்கு அது நல்லது. அங்கயும் நான் இல்லாமயே நடந்துபோச்சு. அப்புறம் நான் எங்கதான் போறது?"

அவள் நர்ஸ். வருத்தத்தை வைத்துக்கொண்டு உட்காரத் தெரியாது, மருந்து தேடத்தான் தெரியும். வீபெக்கு வேண்டியது சாகசம். சாகசம் என்றால் என்ன? எதிர்பாராத நேரத்தில் எதிர்பாராத ஒன்று வருவது. அதை வரவழைக்க ஓர் இயந்திரம் கட்ட முடியாதா?

மூன்று வாரம் பிடித்தது. மேற்கே பாலைவனத்துக்கு அடியில் ஒரு நிலவறை. தாழ்வாரங்கள் தாமாக இடம் மாறின, கதவுகள் தாமாக மூடின. எலும்புக்கூடுகள் ஒருபுறம் வளர்ந்து, பட்டையில் ஏறி, வரிசையாக வந்து இருட்டில் காத்திருந்தன. எப்போது எது வெளியே வரும் என்பதை ஒரு பகடைப்பொறி தீர்மானித்தது. யெல்மரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவன் வீபெக்கு ஃபோன் போட்டு, "புதுசா ஒரு மோட் போட்டிருக்கேன்டா, மேற்கால போய்ப் பாரு, நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத" என்றான்.

வீபெ போனான். இரண்டு மணி நேரம் கழித்து, காது சிவக்க எழுந்து வந்தான்.

"ஒரு கதவு சீட்ஸ்கெ, நான் உள்ள போனதும் தானா மூடிக்கிச்சு! பின்னாலேந்து ஆறு பேரு!"

"ஐயையோ, அப்புறம்?" என்றாள் அவள். அந்தக் கதவின் தண்டு சரியாக ஓடவில்லை என்று அன்று காலைதான் அதை இரண்டு முறை மாற்றியிருந்தாள்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்கு விடுமுறையாக இல்லை. அவன் வருவதற்குள் அம்புகளை நிரப்ப வேண்டும், பெட்டிகளில் புதையல் வைக்க வேண்டும். புதையல் அதிகமானால் சந்தேகப்படுவான், குறைந்தால் சலித்துக்கொள்வான். ஒரு குழியில் விழுந்து அடிக்கடி செத்தான் என்று அடியில் வைக்கோல் பரப்பினாள். அவன் உள்ளே நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் அவள் திரையின் ஓரத்தில் தெரியும்படி வைத்தாள். ஒரு மதியம் அங்கே சிவப்பில் ஒரு வரி வந்தது: 'வீபெ ஒன்பது நாட்களாக வரவில்லை.' அவள் அதை இரண்டு முறை படித்தாள். கன்னம் சூடாகியது. எதிரே அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். ஓசைப்படாமல் அந்த வரியை அழித்துவிட்டு, "இன்னிக்கு நீ அந்த நெலவறைக்குப் போகலியா?" என்று கேட்டாள்.

"போகணும்" என்று எழுந்தான்.

பிப்ரவரியில், வெளியே வாய்க்காலெல்லாம் உறைந்து கிடந்த ஒரு நாள், வீபெ நிலவறையின் கடைசி அறைக்குள் நின்றான். வாளை ஓங்கியபடி காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. வேறொருவனாயிருந்தால் தப்பித்தோம் என்று நினைத்திருப்பான். வீபெ தலையைச் சாய்த்துக் கேட்டான். நின்றுபோன இயந்திரத்தின் மௌனம் அவனுக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். வாளை வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தான்.

சுவருக்குப் பின்னால் பட்டைகளும் பற்சக்கரங்களும் நீண்டுகொண்டே போயின. ஒவ்வொரு மூலையிலும் மரப்பலகைகளில் அறிவிப்புகள். 'வாரம் ஒருமுறை பார்க்கவும்.' 'இந்தக் கதவு மக்கர் செய்யும்.' ஒரு குழியின் விளிம்பில்: 'வீபெ இங்கே விழுவான். வைக்கோல் மாற்றவும்.'

அவன் அந்தப் பலகையின் முன் நெடுநேரம் நின்றான். சீட்ஸ்கெ தன் திரையில் அவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பார்த்து, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். இனி கோடை வரைக்கும் பேசமாட்டான் என்று நினைத்தாள்.

"எலும்புப் பெட்டி ரொம்பி, பட்ட அடச்சிருக்கு" என்றான் வீபெ, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ம்."

"நீ உள்ள போய் எடு. நான் இங்கேந்து சொல்றேன்." ரோபோ கம்பெனிக்காரர்கள் அவனிடம் ஃபோனில் பேசும் அதே குரல். "மொதல்ல மெய்ன் சுவிட்ச அணைங்க மேடம். பத்து எண்ணுங்க. மறுபடி போடுங்க."

"மேடமா? கொழுப்புய்யா ஒனக்கு" என்றாள். நிம்மதியில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கவசம் எதுவும் இல்லாமல் உள்ளே போனாள். அவளிடம் கவசமே கிடையாது, இதுவரை தேவைப்பட்டதில்லை. அணைத்தாள். பத்து எண்ணினாள். போட்டாள்.

மின்சாரம் திரும்பும்போது எல்லாக் கதவும் ஒருமுறை திறந்து மூட வேண்டும் என்று அவளேதான் அமைத்திருந்தாள். திறந்தன. மூடுவதற்குள் அறுபது எலும்புக்கூடுகள் வெளியே வந்துவிட்டன.

கிடா முட்டியபோது கத்தாதவள் அன்று கத்திய கத்தலில் முற்றத்து நாய் குரைத்தது. ஓடினாள். வீபெ உடைத்த ஓட்டை வழியாகப் பாலைவனத்துக்கு ஏறி, முதுகில் நான்கு அம்புகளோடு ஓடி, இருட்டில் ஒரு பள்ளத்தில் உருண்டு, ஓர் ஆற்றில் விழுந்து, அந்த உலகத்தில் பொழுது விடியும்போது எங்கோ கரையேறினாள். சுற்றிலும் கறுப்புப் பாறை. எங்கே போவதானாலும் அவள் ஒரு மந்திரத் தகட்டில் ஏறி நின்று போய்ச் சேர்கிறவள். தான் ஆறு மாதமாக வாழும் உலகத்தில் எந்தத் திசையில் வீடு என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வீபெ, நான் தொலஞ்சிட்டேன்."

"சூரியன் எந்தப் பக்கம் இருக்கு?"

"சூரியனப் பார்த்து எவ போறா? சோத்துக் கைப் பக்கம்."

"அங்கயே இரு. வரேன்." மேசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அவளிடம் வந்து சேர, சிறகுக் குதிரை இருந்தும் அவனுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் சொன்ன இடத்தில் இல்லை. மலை ஒன்றின் மேல் ஏறி நின்று குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வந்து பாரு, எரிமல!" என்றாள். "கீழ எவ்ளோ நெருப்பு! இதுல எத்தன கொதிகலன் ஓடும் தெரியுமா?"

"நீ திருந்தவே மாட்ட" என்றான். ஆனால் அவளைக் குதிரையில் ஏற்றி, எரிமலையை மூன்று சுற்று சுற்றிக் காட்டினான். அவள் கொதிகலனைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை. இரண்டாவது சுற்றில், "இன்னும் கொஞ்சம் தாழப் போ" என்று மட்டும் சொன்னாள்.

மறுவாரம் அவள் கணினிக்கு வந்தபோது அவன் முன்பே உட்கார்ந்திருந்தான். நிலவறையில் இருந்தான், சுவருக்குப் பின்னால்.

"ஒன் வாசல் அமைப்பே தப்பு" என்றான். "அறுபது உருப்படிய ஒரே சந்துல விட்டா மிதிச்சுக்காதா? மாட்டுக்காரன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? ரெண்டு வழியாப் பிரிச்சிருக்கேன். தீவனம் மாதிரி நடுவுல ஒரு இரை வெச்சிருக்கேன். இப்போ தானா வருதுங்க."

"வீபெ, நீ மெஷின் கட்டிக்கிட்டிருக்க."

"ரிப்பேர் பண்றேன்" என்றான் கொஞ்சம் கோபமாக. "குதிர வெளிய நிக்குது. நீ போறதானா போ. தெக்க ஏதோ தீவு இருக்குன்னு யெல்மர் சொன்னான்."

அவள் போனாள். மாதக் கடைசியில் யெல்மர் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தான். மேசையில் மூன்றாவது இடம் போட்டார்கள். நிலவறையில் என்ன இருக்கிறது என்று தனக்கு முன்பே தெரியும், தானே உடந்தை, தன்னை எதுவும் பயமுறுத்த முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தான். கால் மணி நேரத்தில் ஆறு முறை செத்தான்.

"டேய், இது நான் பார்த்த நெலவறையே இல்ல! இந்தக் கதவு எப்போ வந்துச்சு? சீட்ஸ்கெ, என்னம்மா இது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் சீட்ஸ்கெ. தெற்கே எங்கோ புயலில் படகு கவிழும் நிலையில் இருந்ததால் அவளால் திரையை விட்டுத் திரும்ப முடியவில்லை. "மேனேஜரக் கேளு."

மேனேஜர் வீபெ சுவருக்குப் பின்னால் காத்திருந்தான். யெல்மர் ஏழாவது முறையாக உள்ளே போகும்வரை பொறுமையாக இருந்து, எலும்புக்கூடுகள் காத்திருந்த இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டான்.