கட்டைவிரல் உட்கார்ந்த இடம்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முதலில் கிளம்பிவிடும். மூளை வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளையாட்டு மைதானத்தில், ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் மனைவியின் தம்பியிடம் ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்தேன். அதற்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் உடைந்த பிரேம்களைச் சரிசெய்கிறவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு பேருக்கும் பிடித்திருக்கும் பைத்தியம் ஒன்றுதான்: பழைய காலத்துச் சின்ன எஞ்சின் வைத்த மாடல் விமானங்கள். எஞ்சின் ஓர் எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். அதன் பின்னால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய தகர டாங்க். விமானத்தை இரண்டு மெல்லிய கம்பிகளில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் நடுவில் நிற்பேன். அது என்னைச் சுற்றி வட்டமாகப் பறக்கும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு ஒரு வாரம் தாங்கும் சந்தோஷம் அது.

எங்களுக்குள் வேலைப் பிரிவினை உண்டு. டாங்க் என் பொறுப்பு, எஞ்சின் அவன் பொறுப்பு. பிரேமுக்குப் பற்றவைத்துப் பழகிய கை என்பதால் டாங்க்கின் மூட்டுகளை நான் ஈயம் வைத்து அடைப்பேன். எஞ்சினுக்குப் போகும் எரிபொருளைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு ஊசி இருக்கிறது. அதை அவன் சத்தத்தைக் கேட்டே சரியான இடத்தில் வைப்பான்.

அன்றைக்குப் பறந்தது மஞ்சள் விமானம். எட்டு மாதம் உட்கார்ந்து அவன் கட்டியது. பதினோராவது சுற்றில் எஞ்சின் கீச்சுக் குரலில் கத்திவிட்டு நின்றது. கம்பி தளர்ந்தது, விமானம் மூக்குக் குப்புற விழுந்தது, இறக்கை இரண்டாக முறிந்தது. அந்தக் கீச்சுச் சத்தம் எரிபொருள் போதாததால் வருவது. அதற்குக் காரணம் இரண்டுதான் இருக்க முடியும்: ஊசியை அதிகமாக மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் டாங்க்கில் எங்கேயோ ஓட்டை இருந்து காற்று உள்ளே போக வேண்டும். டாங்க்கை முந்தின நாள்தான் தண்ணீரில் அமுக்கிச் சோதித்திருந்தேன். ஒரு குமிழி வரவில்லை.

"அவசரக்குடுக்கை! ஒரு ஊசிய ஒழுங்கா வைக்கத் தெரியல. நீ ரிப்பேர் பண்ற லிஃப்ட்ல ஏறவே எனக்கு பயமா இருக்கு" என்று கத்தினேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. உடைந்ததைப் பொறுக்கிப் பையில் போட்டான். டாங்க்கை மட்டும் கழற்றி, துடைத்து, என் கையில் வைத்தான்.

"இது உங்களுது மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

என் மனைவி சண்டை போடவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தம்பியோடு போனில் பேசும்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். "தப்பு அவன் மேல" என்று ஒருநாள் கதவைப் பார்த்துச் சொன்னேன். "நான் ஒண்ணுமே கேக்கலையே" என்று உள்ளிருந்து பதில் வந்தது. வீம்பு பிடித்துக்கொண்டு நானும் இருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவனுடைய பைக் சத்தம் கேட்காதபோது வீடே காலியாக இருந்தது. அவன் இல்லாமல் மைதானத்துக்குப் போகவும் கால் எழவில்லை.

போன சனிக்கிழமை அலமாரியில் சும்மா கிடந்த டாங்க்குகளை எல்லாம் எடுத்துச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். மொத்தம் ஏழு. இந்த எஞ்சின்களின் எரிபொருளில் விளக்கெண்ணெய் கலப்பதுண்டு. டாங்க்கை அப்படியே விட்டுவைத்தால் அது உள்ளே பழுப்புப் பிசினாகக் காய்ந்து குழாயை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் சோப்புக் கலந்த வெந்நீரை ஊற்றி, சின்னப் பித்தளை மணிகள் நாலைந்து போட்டுக் குலுக்கினேன். அழுக்கு வந்தது, பின் கொஞ்சம் துரு வந்தது, கடைசியில் தெளிந்த தண்ணீர் வந்தது. எரிபொருள் வாசம் துளியும் இல்லை என்று மூக்கால் பார்த்த பிறகுதான், தளர்ந்த மூட்டுகளுக்கு ஈயம் வைக்க, பற்றவைக்கும் கோலைத் தொடுவேன். இல்லாவிட்டால் டாங்க் பறக்கும், விமானம் இல்லாமலே.

மூன்றாவது டாங்க்கில் என் கவனம் எங்கேயோ போய், சூடான கோல் கட்டைவிரலில் பட்டுவிட்டது. மனைவி மருந்து தடவித் துணி சுற்றினாள்.

"ரெண்டு நாளைக்குத் தண்ணில வைக்கக்கூடாது, ஆமா" என்றாள்.

அடுத்ததாகக் கையில் வந்தது அந்த மஞ்சள் விமானத்தின் டாங்க். சோதனை மட்டும் பாக்கி. எரிபொருள் ஊற்ற ஒன்று, காற்றுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று என்று டாங்க்கில் மூன்று குழாய்; அவற்றில் இரண்டை ரப்பரால் மூடி, மூன்றாவதில் நீள ரப்பர் குழாயைச் செருகி, டாங்க்கைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். ஓட்டை இருந்தால் குமிழி வரும். கட்டைவிரலை நனைக்கக்கூடாதே, அதனால் மனைவி துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்து, டாங்க்கின் ஓரத்தைக் கவ்வவைத்து, வாளிக்குள் இறக்கி ஊதினேன்.

குமிழி வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, மெல்லிய சரமாக, எஞ்சினுக்குப் போகும் குழாயின் அடியிலிருந்து வந்தது.

எனக்குப் புரியவில்லை. மனைவி சொன்னதை மறந்து, துணியை உருவிவிட்டு, வழக்கம்போல விரல்களால் பிடித்து ஊதினேன். குமிழி நின்றது. கட்டைவிரலை நகர்த்தினேன். வந்தது. வைத்தேன். நின்றது. குழாயின் அடியில் மயிரிழை அளவு ஒரு விரிசல். நான் டாங்க்கைப் பிடிக்கும்போதெல்லாம் என் கட்டைவிரல் வாகாகப் போய் உட்காரும் இடம் அதுதான். ஓட்டையை நானே அடைத்துக்கொண்டு ஓட்டை இல்லை என்று ஊருக்கே சொல்லியிருக்கிறேன். டாங்க் நிறைய இருக்கும்போது இது தெரியாது. பாதி குறைந்ததும் குழாய் அந்த வழியாகக் காற்றை உறிஞ்சும். பதினோராவது சுற்றில் அதுதான் நடந்திருக்கிறது.

"என்ன, பேச்சையே காணோம்?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

ஒரு சொட்டு ஈயம் வைத்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. கோலைக் கையில் எடுக்கவும் எடுத்தேன். ஆனால் டாங்க்கைத் துடைத்து என் கையில் வைத்த அவன் முகம் வந்து நின்றது. கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

"உன் தம்பிய நாளைக்கு வரச் சொல்லு" என்றேன்.

"நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு வாய் இல்லையா என்ன?"

"அதுதானே பிரச்சினை" என்றேன். அவளே போன் செய்தாள்.

மறுநாள் பத்து மணிக்குப் பைக் சத்தம் கேட்டது. வந்தான்; பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றான். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்த பேச்சு எனக்குச் சுத்தமாக மறந்துபோனது. வாளியைக் காட்டினேன்.

"டாங்க்க நீயே ஊதிப் பாரு மாப்ளே."

ரப்பர் குழாயை வாயில் வைத்து, டாங்க்கைத் தண்ணீரில் அமுக்கினான். அப்போதுதான் கவனித்தேன்: அவன் கட்டைவிரலும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தானே. ஊதினான். தண்ணீர் அசையவில்லை. மூச்சுப் பிடித்து இன்னொரு முறை ஊதினான். பிறகு குழாயை வாயிலிருந்து எடுத்தான்.

"ஒழுகல மாமா" என்றான். "அப்ப தப்பு என் மேலதான். அன்னிக்கு ஊசிய கொஞ்சம் அதிகமா மூடிட்டேன் போல. நீங்க சொன்னதுலேருந்து மனசு கேக்கவே மாட்டேங்குது. லிஃப்ட் வேலைய முடிச்சிட்டுக் கிளம்பறேன், பாதி வழில சந்தேகம் வந்துடுது. திரும்பிப் போய் இன்னொரு தடவ பாத்துட்டுதான் வீட்டுக்கு வரேன். மூணு மாசமா இதே கதைதான்."

மனைவி என்னைப் பார்த்தாள். என் மானம் மொத்தமும் அவனுடைய ஒரு விரலுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் போதும், சாகும்வரை நான் சொன்னதே சரி.

"இன்னொரு தடவ ஊது" என்றேன். "இப்ப கட்டைவிரல எடு."

எடுத்தான். குமிழிகள் வந்தன. ஊதிக்கொண்டே அவற்றைப் பார்த்தான். விரலை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"எப்ப பாத்தீங்க இத?"

"நேத்து."

"நேத்தே அடைச்சிருக்கலாமே. யாருக்குத் தெரியும்?"

"அதான் அடைக்கல. என் தப்பு மாப்ளே. நீ வச்ச ஊசி சரியாத்தான் இருந்துது. உன் லிஃப்ட்ல நான் கண்ண மூடிக்கிட்டு ஏறுவேன். அன்னிக்கு நான் பேசினது பேச்சே இல்ல."

அவன் தோளிலிருந்த பையை மெதுவாக இறக்கிக் கீழே வைத்தான். என் மனைவிதான் பேசினாள்.

"டாங்க்குக்கு ரெண்டு ரப்பர் மூடி போடறீங்களே, இவர் வாய்க்கு ஒண்ணு இருந்தா போடுடா" என்றாள்.

அவன் சிரித்துவிட்டான். ஈயத்தை நான் வைத்தேன், சோதனையை அவன் செய்தான், துணி கிளிப்பால். மத்தியானம் முழுக்க உடைந்த இறக்கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஒட்டிப் பறக்கவிட ஒரு மாதமாவது ஆகும். எனக்கு அவசரமே இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் போன் வந்தது. மனைவி என்னிடம் நீட்டினாள்.

"இன்னிக்கு ஆறு மாடிக் கட்டடத்துல வேலை மாமா" என்றான் அவன். "முடிச்சிட்டு நேரா வீட்டுக்கு வந்துட்டேன்."

"சந்தோஷம் மாப்ளே" என்றேன்.