கண்ணாடிப் பெட்டி இன்ஜின்

வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பதில் எல்லா வசதியும் உண்டு. ஒரே ஒரு சங்கடம், அதே வீட்டில் மாமனாரும் இருப்பார். நம் மாப்பிள்ளைக்கு வாய்த்தவர் கத்துகிற ரகமல்ல. கத்தினால்கூடப் பரவாயில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் அதே சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்திருப்பான். அவர் மகளைக் கூப்பிட்டு, உன் வீட்டுக்காரர்கிட்ட ஃபேன் சத்தம் போடுதுன்னு சொல்லு என்பார். அவளும் தலையைத் திருப்பி அதையே ஒப்பிப்பாள். சண்டை எதுவும் கிடையாது. இரண்டு பேருக்கும் பேசுவதற்கு விஷயம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் தொழில் பல்செட் செய்வது. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பினால், பின்பக்க அறையில் உட்கார்ந்து ஈறு வார்த்து, பல் பதித்து, மெருகேற்றி அனுப்புவான். நாளெல்லாம் ஊரார் வாயோடு மாரடிக்கிறவனுக்கு ஒரு மாறுதல் வேண்டாமா? ரயில் இன்ஜின் கிட் ஒன்றை வாங்கினான். மலையேறவும் சுரங்கத்துக்குள் நுழையவும் குறுகலான தண்டவாளத்தில் ஓடுமே, அந்த ஜாதி நீராவி இன்ஜின். செய்து முடித்தால் உள்ளங்கையில் அடங்கும்.

பெட்டியைத் திறந்தால் ஈய நிறத்தில் வார்ப்புத் துண்டுகளும், மெல்லிய பித்தளைத் தகடும். சும்மா சொல்லக் கூடாது, பையன் கை தேர்ந்த கை. கடைவாய்ப் பல்லின் மேடுபள்ளத்தைச் செதுக்குகிறவனுக்குக் கொதிகலன் எம்மாத்திரம்? பிசிறை அரத்தால் தேய்த்தான். ஓட்டுநர் அறையின் தகட்டை மடக்கி மூலை பிடித்தான். புகைபோக்கி நேராக நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துப் பார்த்து ஒட்டினான். கரும்பச்சைப் பெயின்ட்டும் அடித்தாயிற்று. அதன் பிறகுதான் விளக்கத் தாளின் கடைசிப் பக்கத்தைப் படித்தான். கடைசிப் பக்கத்தைக் கடைசியில் படிக்கிற நல்ல மனிதர்களுக்கு நேர்வதுதான் அவனுக்கும் நேர்ந்தது.

கிட்டில் இருந்தது வெறும் மேல்கூடு. சக்கரமும் மோட்டாரும் கிடையாது. இன்ன கம்பெனியின் இன்ன மாடல் இன்ஜினை வாங்கி, அதன் கூட்டைக் கழற்றிவிட்டு, அடிப்பாகத்தின் மேல் இதை உட்கார வைக்க வேண்டுமாம். பெரிய ரயிலை ரொம்பப் பொடியாகச் செய்தாலும், குட்டி ரயிலைக் கொஞ்சம் பெரிதாகச் செய்தாலும் தண்டவாளத்தின் அகலம் ஒன்றாகவே வரும் என்பதால் இப்படி ஒரு ஏற்பாடு. கடைக்காரனைக் கேட்டால், அந்த மாடல் வருவது நின்று எத்தனையோ காலமாயிற்று என்று கையை விரித்துவிட்டான்.

அந்த மாடல் உலகத்தில் எங்கே இருந்ததோ தெரியாது, ஆனால் அவன் வீட்டுக் கூடத்திலேயே ஒன்று இருந்தது. மாமனார் லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றபோது, கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து கொடுத்த பரிசு. அன்று கண்ணாடிப் பெட்டிக்குள் போனது போனதுதான். ஓட்டினால் தேய்ந்துவிடும் என்று தண்டவாளத்தின் பக்கமே காட்டாமல் வைத்திருந்தார்.

ஓடாத இன்ஜினுக்கு மோட்டார் எதற்கு? இந்தக் கேள்வி மனதில் எழுந்த மறுகணமே மாப்பிள்ளை கெட்டுப்போனான். மாமனார் நடைப்பயிற்சிக்குப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தான். அடிப்பாகத்தை உருவிக்கொண்டு, வெறும் கூட்டை ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி இருந்த இடத்திலேயே வைத்தான். அதோடு விட்டானா? புதுக் கூடு உட்கார அடிப்பாகத்தின் முன்மூக்கு இடித்தது. வெட்டி எடுக்கச் சொல்லித்தான் தாளிலும் போட்டிருந்தது. ஈறு தேய்க்கும் மெஷினை எடுத்து மூக்கை மழித்தேவிட்டான்.

சாப்பாட்டு மேஜை மேல் வட்டமாகத் தண்டவாளம் போட்டு, கரும்பச்சை இன்ஜினை ஓட்டினான். அது ஓடிய அழகைப் பார்த்தால் திருட்டுப் பொருள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாமனார் வந்து நின்றார். குனிந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, மகள் பக்கம் திரும்பாமலே, "வளைவுல கொஞ்சம் மெதுவா விடுங்க மாப்பிள்ளை" என்றார்.

அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து மாமனாரும் மாப்பிள்ளையும் பேசினார்கள் பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். லிஃப்ட் கம்பி, பல் அச்சு, எண்ணெய், பிசின் என்று விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. இடையில் நின்று தந்தியடித்த மகள், இப்போது சாப்பிட வாங்க என்று சொல்லக்கூட இடம் கிடைக்காமல் நின்றாள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. மாமா என்று கூப்பிட்டு, என்ன மாப்பிள்ளை என்று பதில் வருவது இத்தனை இனிக்கும் என்று இதுநாள்வரை அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

அந்த இனிப்பிலேதான் மாமனார் குண்டைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பழைய சகாக்கள் வருகிறார்களாம். தன் இன்ஜினையும் எடுத்து ஓட்டிக் காட்டப் போகிறாராம்.

உண்மையைச் சொன்னால் மறுபடியும் சோபாவின் மறுமுனைதான். அதை நினைக்கவே மாப்பிள்ளைக்குப் பயமாக இருந்தது. மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டி, பக்குவமாக அப்பாவிடம் எடுத்துச் சொல்லச் சொன்னான். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "இத்தனை வருஷம் ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு எல்லாத்தையும் சொன்னேன். இதை நீங்களே சொல்லிக்கோங்க" என்று துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவன் சொல்லவில்லை. ஞாயிறு காலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பாகத்தைப் பழைய கூட்டுக்குள் வைத்துப் பார்த்தான். மூக்கு இல்லாததால் கூடு முன்பக்கம் குப்புறக் கவிழ்ந்தது. பல் போன இடத்தில் பல் கட்டுவதுதானே பிழைப்பு? ஈறு வார்க்கும் பிசினைக் குழைத்து, புதிதாக ஒரு மூக்கு வைத்து, தேய்த்துச் சரிபண்ணினான். கூடு கச்சிதமாக உட்கார்ந்தது. மூக்கு மட்டும் நல்ல ரோஸ் நிறம். கறுப்பு அடிக்கலாம் என்று தூரிகையைத் தேடும்போது வாசலில் மணி அடித்தது.

வந்த மூன்று பேருக்கும் தலைவர், ஸ்பானர் என்கிற ஆள். ஸ்பானர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பெயர். அன்று இன்ஜினைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தவரும் அவர்தான். வண்டி மேஜை மேல் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்பானர் மட்டும் தட்டவில்லை.

"பொய் சொல்லாம சொல்லு. ஒரு நாளாவது இதை ஓட்டியிருக்கியா? ஷோகேஸ்லயே கிடக்குன்னு கேள்விப்பட்டேன். ஆசையா வாங்கிக் கொடுத்தோம்பா."

மாமனார் வாயைத் திறந்தார். அதற்குள் ஸ்பானர் இன்ஜினைக் கையில் எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். மெக்கானிக் எதை எடுத்தாலும் முதலில் அடியைத்தான் பார்ப்பான்.

"இதென்னடா, ரோஸ் கலர்ல?"

மாமனார் எட்டிப் பார்த்தார். அந்த ரோஸ் அந்த வீட்டில் யாருக்குத் தெரியாது? வாஷ்பேசினில் அது, துண்டில் அது, கதவுக் கைப்பிடியில் அது. அவர் பார்வை கரும்பச்சை இன்ஜினுக்குப் போனது. அதை எடுத்தார். அடியில் சக்கரமும் இல்லை, மோட்டாரும் இல்லை. கடைசியில் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். காது இரண்டும் பற்றி எரிந்தன.

"ஓடி ஓடித் தேய்ஞ்சு போச்சுடா" என்றார் மாமனார். "முன்பக்கம் அப்படியே போயிடுச்சு. எங்க மாப்பிள்ளைதான் புதுசா வச்சுக் கொடுத்தாரு."

ஸ்பானர் அந்த ரோஸ் மூக்கைக் கட்டைவிரலால் தடவினார். அவ்வளவு ஓட்டினியா என்று மெல்லக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. கன்ட்ரோலரை யாரிடமும் கொடுக்காமல், போகிறவரை தானே ஓட்டினார்.

விருந்தாளிகள் போனார்கள். மகள் நைசாகச் சமையலறைக்குள் நழுவினாள். மாமனார் சோபாவில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை நின்றுகொண்டே இருந்தான்.

"கேட்டிருக்கலாமே மாப்பிள்ளை."

தப்புதான் மாமா என்றான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார் யோசிக்காமல். "ஆனா, நீங்க எடுக்காம இருந்திருந்தா, இன்னைக்கு அவன் கேட்டப்ப என்கிட்ட பதில் இருந்திருக்காது."

எழுந்து போய், தன் இன்ஜினின் கூட்டைத் தானே கழற்றினார். அடிப்பாகத்தை மாப்பிள்ளையின் கையில் வைத்தார்.

"உங்களோடதுக்கே மாட்டுங்க. என்னோடது நிறைய ஓடிடுச்சு. கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்."