வெள்ளை பூத்த புழு

கமுதிக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கர் மிளகாய்க் காட்டில், போன தை மாதம் காய்ப்புழுவுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த தர்மராஜ் மயங்கி விழுந்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. அதன்பின் அவன் மனைவி இருளம்மாள் காட்டுக்குள் விஷத்தை விடவில்லை.

இந்த வருஷமும் புழு வந்தது. வேளாண்மை அலுவலகத்தில் பெவேரியா என்ற பூஞ்சாணப் பொடி கொடுத்தார்கள். புழுவின் உடம்பில் ஒட்டி உள்ளே வளர்ந்து கொல்லுமாம். வெயில் ஆகாது, ஈரம் வேண்டும். பொழுது சாயும் நேரத்தில், பனி இறங்குவதற்கு முன் தெளித்தாள்.

நான்கு நாளாகியும் புழு சாகவில்லை. தர்மராஜின் தம்பி அருள்முருகன் வந்து பார்த்தான்.

“மதினி, காயெல்லாம் தொளச்சிருச்சே.”

“மெதுவாத்தான் கொல்லுமாம் தம்பி. ஒரு வாரம் பொறுங்க.”

மறுநாள் சந்தைக்குப் போய்த் திரும்பியவளுக்கு வரப்பிலேயே அந்தப் பூச்சிமருந்து நெடி அடித்தது. அருள்முருகன் முதுகில் டேங்க்கோடு பாதிக் காட்டுக்கு மருந்தடித்து முடித்திருந்தான். முகத்தில் ஒரு துண்டுகூட இல்லை. ஓடிப்போய் வாரைப் பிடித்து இழுத்தாள்.

“ஒங்க அண்ணனும் இப்படித்தான இங்கன நின்னாரு!”

டேங்க் கீழே விழுந்தது. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“அன்னைக்கு மருந்து வாங்கியாந்து குடுத்ததே நாந்தான் மதினி. இந்தக் காடும் போச்சுன்னா, ஒங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

இருளம்மாள் அவன் கையைப் பிடித்தாள்.

“வாங்கியாந்தது நீங்க. கலக்கிக் குடுத்தது நான். எந்திரிங்க, மொதல்ல குளிங்க.”

பம்புசெட்டில் அவன் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். சோப்பு தீரும்வரை தேய்க்கச் சொன்னாள். பொழுது இறங்கும்வரை அவன் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்து, மருந்து படாத தென்பாதியில் புழுக்கள் விறைத்துக் கிடந்தன. அவற்றின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோலப் பூஞ்சாணம் வெள்ளையாகப் பூத்திருந்தது. அருள்முருகன் ஒன்றை எடுத்தான், விரலிடையில் பொடிந்தது.

“அடுத்த தெளிப்பு எப்ப மதினி?”

“நாளைக்குச் சாயங்காலம்.”

“நானும் வாரேன்.”

மூன்றில் ஒரு பங்கு காய் சொத்தையானது. மிச்சம் பழுத்தது. களத்தில் பழத்தைப் பரப்பும்போது, ஒரு வருஷமாக அண்ணன் பெயரையே எடுக்காத அருள்முருகன் அவனைப் பற்றிப் பேசத் தொடங்கினான். இருளம்மாள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.